மல்லிகையின் மணத்தை நாம் வீணாக்கும் விதங்கள்

மதுரை மல்லியை விடியும் முன்னே பறித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மொட்டை மூக்கருகே கொண்டுபோனாலும் பெரிதாக ஒன்றும் மணக்காது. அதே மொட்டு மாலை மங்கி, ஏழு எட்டு மணிக்கு இதழ் விரிக்கும்போது அறை முழுக்க மணக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் காசு கொடுத்து வாங்கிய நல்ல பூவைப் பல வீடுகளில் கெடுத்துவிடுகிறோம்.

எல்லாத் தவறுக்கும் மூலம் ஒரே எண்ணம்: மணம் மொட்டுக்குள் ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது, இதழ் விரிந்ததும் அது வெளியே வருகிறது என்று நினைப்பது. அப்படியில்லை. மூடிய மொட்டைக் கசக்கிப் பாருங்கள், பச்சை வாடைதான் வரும். மணப் பொருள்களில் ஒரு பகுதி சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்த நிலையில் மொட்டில் இருக்கிறது. அப்படிப் பிணைந்திருக்கும்வரை அது ஆவியாகாது. ஆவியாகாத எதுவும் மூக்குக்கு எட்டாது. மலரும் நேரம் நெருங்கும்போது என்சைம்கள், அதாவது செல்லுக்குள் வேதிவினைகளை நடத்தும் புரதங்கள், அந்தப் பிணைப்பை வெட்டிவிடுகின்றன. கூடவே இதழ்களின் செல்கள் புதிதாகவும் மணப் பொருள்களைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. ஆக, பறித்த பிறகும் பூ உயிரோடு இருந்து வேலை செய்கிறது. அந்த வேலைதான் மணம்.

அந்த மணமும் இரவு முழுக்க ஒரே கலவையாக இருப்பதில்லை. விரியத் தொடங்கும்போது லினலூல், பென்சைல் அசிட்டேட் ஆகிய மணப் பொருள்கள் முன்னால் நிற்கும். லினலூல் கொத்தமல்லி விதையிலும் நிறைய உண்டு. புத்துணர்ச்சி தரும் மணம் அது. பென்சைல் அசிட்டேட்டில் பழ இனிப்பு இருக்கும். விலை குறைந்த மல்லிகை ஊதுபத்தியில் நாம் நுகர்வது பெரும்பாலும் இதைத்தான். நேரம் போகப்போக இண்டோல், மெத்தில் ஆந்த்ரனிலேட் இரண்டும் கை ஓங்கும். மெத்தில் ஆந்த்ரனிலேட் திராட்சை மிட்டாயின் வாசனை. இண்டோலைத் தனியே செறிவாக முகர்ந்தால் முகம் சுளிக்கும், மலத்திலும் இருக்கிற பொருள் அது. ஆனால் அதன் சிறு அளவு இல்லாவிட்டால் மல்லிகை வெறும் சோப்பு வாசனையாக நின்றுவிடும். ஆகவே பின்னிரவில் பூவின் மணம் கனத்துத் தலையைப் பிடிப்பதுபோல் ஆனால், பூ அழுகிவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். கலவையின் விகிதம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதழ் பழுப்பாகி நீர் விட்டால் மட்டுமே அது கெட்ட பூ.

மிகப் பெரிய தவறு என்று நான் நினைப்பது மல்லிகை மொட்டைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவது. கொதிசூட்டில் என்சைம்கள் செயலிழந்துவிடும், பூ செத்துவிடும். இனி உருவாக வேண்டிய மணம் உருவாகாது. இருந்த கொஞ்சமும் ஆவியோடு போய்விடும். கடைசியில் மிஞ்சுவது வெந்த இலை வாடை அடிக்கும் எண்ணெய். பிரான்சின் கிராஸ் நகரத்து மணப்பொருள் தொழிலாளர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் மல்லிகைப் பூக்களைச் சூடுபடுத்தாமல் பரப்பி வைப்பார்கள். ஒரு நாள் கழித்துப் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பார்கள். பூ வெளிவிடும் மணத்தைக் கொழுப்பு அப்படியே பிடித்துக்கொள்ளும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆல்பர்ட் ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதை ஆராய்ந்தார். மணத்தைக் கரைத்தெடுக்கும் திரவமான கரைப்பானில் போட்டு உடனே பிரித்தெடுப்பதைவிட இந்த முறையில் பல மடங்கு அதிக மண எண்ணெய் கிடைப்பதை அவர் காட்டினார். காரணம், கொழுப்பின்மேல் கிடக்கும் பூ சாகாமல் மணத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது.

நம் நாட்டிலும் இந்த அறிவு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர்ப் பக்கம் எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி வைத்து, பிறகு அந்த எள்ளை ஆட்டிச் சமேலி என்னும் மல்லிகை வகையின் மணமேறிய எண்ணெய் எடுத்தார்கள். சீனாவின் ஃபுஜோவில் மல்லிகைத் தேயிலை செய்பவர்களும் பகலில் பறித்த மொட்டை இரவில் விரியும் நேரத்தில்தான் தேயிலையோடு கலக்கிறார்கள். வீட்டில் செய்ய ஆசைப்பட்டால் காய்ச்சுவதை விட்டுவிட்டு எள்ளு வழிக்குப் போங்கள். மாலையில் விரியத் தயாரான மொட்டுகளை எள்ளின்மேல் பரப்பி, துணியால் மூடி, காலையில் பூவை எடுத்துவிடுங்கள். நாலைந்து இரவு இதையே செய்தால் எள்ளில் மணம் ஏறியிருக்கும்.

சரி, ஃப்ரிட்ஜ்? மொட்டாக வைப்பதில் தவறில்லை. குளிரில் என்சைம்கள் மந்தமாகும், மலர்வது தள்ளிப்போகும். தவறு இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, எடுத்த உடனே தலையில் வைத்துக்கொண்டு ‘மணமே இல்லை’ என்று பூக்காரம்மாவைக் குறை சொல்வது. விசேஷத்துக்குக் கிளம்ப ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். இன்னொன்று, நாள்கணக்கில் வைப்பது. குளிரில் அடிபட்ட மொட்டு அப்புறம் விரியாமலே பழுத்துப்போகும். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்திலும் பூவை வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் மூப்படையச் செய்யும். வெண்ணெயையும் மூடி வையுங்கள். கிராஸ் நகரத்துக் கொழுப்பைப் போலவே அதுவும் மணத்தை இழுத்துக்கொள்ளும்.

ஈரம் சொட்டும் பூவைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மூச்சுவிட முடியாத பூ மணத்தைத் தயாரிக்காது, புளித்த வாடைதான் வரும். வாழையிலையோ ஈரத்துணியோ போதும்.

கடைசியாக, வாங்கும் இடம். காலையில் சந்தையில் மொட்டை முகர்ந்து தரம் பார்ப்பதில் பயனில்லை. நன்றாகப் பருத்து, வெள்ளை ஏறி, இறுக்கமாக மூடியிருக்கும் மொட்டைப் பாருங்கள். பச்சை மாறாத சிறு மொட்டு முற்றாமல் பறித்தது. அது சரியாக விரியாது, மணமும் தராது. மாலையில் வாங்குகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கடையில் இருப்பதிலேயே அதிகம் மணக்கும் சரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது ஏற்கெனவே முழுக்க விரிந்துவிட்ட பூ. இரவு கல்யாண வரவேற்பில் மணக்க வேண்டுமானால், நுனி மட்டும் லேசாக நெகிழ்ந்திருக்கும் மொட்டுச் சரமாகக் கேட்டு வாங்குங்கள்.