உரவாளி ஏன் நாறுகிறது?

வீட்டிலேயே உரம் செய்யலாம் என்று மொட்டை மாடியில் ஒரு வாளி வைத்து, காய்கறித் தோலைப் போட்டுவந்து, பத்தே நாளில் நாற்றம் தாங்காமல் மூட்டை கட்டியவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் அங்கே நடந்த தவறு ஒன்றுதான்: ஈரக் கழிவு மட்டும் போயிருக்கும், காய்ந்தது எதுவும் போயிருக்காது.

காய்கறி, பழத்தோலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது கசிந்து இடுக்குகளை அடைத்ததும் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிரிகள் வேறு ரகம். அழுகிய முட்டை வாடை அவற்றின் கைங்கரியம். மக்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை. அந்தக் கார்பன் சருகிலும் மரத்தூளிலும் தேங்காய் நார்த்தூளிலும்தான் அதிகம். தராசெல்லாம் வேண்டாம். ஒரு கை கழிவுக்கு இரண்டு கை சருகு, அவ்வளவுதான். சருகு கிடைக்காத அடுக்குமாடியா? அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்பை உரித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். உள்ளங்கை நனைய வேண்டும். ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் விழுந்தால் ஈரம் அதிகம். சித்திரை வெயிலில் கதை தலைகீழ். எல்லாம் காய்ந்து, மக்குவதே நின்றுவிடும். அப்போது தண்ணீர் தெளித்து நிழலுக்கு நகர்த்துங்கள். வாளியின் பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போடாமல் இறுக மூடி வைப்பதும், வாரக்கணக்கில் கிளறாமல் விடுவதும் காற்றை அடைக்கிற வேலைதான்.

மீன் செதில், எலும்பு, எண்ணெய், குழம்புச் சோறு வேண்டாம், எலி வரும். எலுமிச்சைத் தோலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது. சாமி படத்து மாலையில்தான் கவனம் தேவை. வாழைநாரில் கட்டியது மக்கிவிடும். நைலான் நூல் என்றால், சலிக்கும்போது வேரும் மண்ணுமாகச் சிக்கி முழுசாக வெளியே வரும். பூவை உருவிவிட்டு நூலை எறிந்துவிடுங்கள்.

அப்புறம், புழு. தடித்த, வெளிறிய புழுக்கள் நெளிவதைப் பார்த்ததும் பூச்சிமருந்து அடிப்பவர்கள் உண்டு. அடித்தால் நுண்ணுயிரிகளுக்கும் கேடு, அந்த நஞ்சு உரத்திலும் தங்கலாம். அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுக்கள். கடிக்காது, கழிவை மளமளவென்று தின்று தீர்க்கும். அருவருப்பாக இருந்தால் சருகைக் கூட்டிப் போடுங்கள், ஈரம் குறைந்ததும் புழுவும் குறையும்.

கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி இல்லாமல் தொடங்கக் கூடாது என்று நினைப்பது வீண்செலவு. பழைய உரம் ஒரு பிடியோ, தண்ணீர் கலந்த புளித்த மோரோ, சாணக் கரைசலோ போதும்.

கடைசித் தவறு அவசரம். ஒரே வாளியில் தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் எது மக்கியது, எது மக்கவில்லை என்றே தெரியாது. இரண்டு வாளி வையுங்கள். ஒன்று நிறைந்ததும் அதை இரண்டு மூன்று மாதம் விட்டுவிட்டு மற்றதில் போடுங்கள், கிளறலை மட்டும் நிறுத்தாதீர்கள். தோல் அடையாளம் தெரிகிற, இன்னும் சூடாக இருக்கிற உரத்தைச் செடிக்குப் போட்டால், மிச்சத்தை மக்க வைக்க நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளடிக்கும். கறுத்து, உதிரியாகி, மழை மண் வாசனை வந்ததும் சலித்து எடுங்கள். சல்லடையில் நிற்பது மறுபடி வாளிக்கு. தொட்டியில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம் தாராளம்.