ஃபிடில் லீஃப் ஃபிக்: இலையில் பழுப்புப் புள்ளியா? முதலில் வேரைப் பாருங்கள்

ஃபிடில் லீஃப் ஃபிக், வீட்டுக்குள் வளர்க்கும் பெரிய இலைச் செடி. வாங்கி வந்த நான்காவது வாரமே என் செடியின் அடி இலைகளில் பழுப்புப் புள்ளி விழ ஆரம்பித்தது. தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன், புள்ளி பரவியது. போதவில்லையோ என்று கூட்டினேன், இரண்டு இலை உதிர்ந்தது. கடைசியில் செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. சென்னையில் மூன்றாவது மாடி, கிழக்கு ஜன்னல், போர் தண்ணீர். இந்தச் சூழலில் எனக்குக் கைகொடுத்த முறை இது.

செடியைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இது நம் ஆல், அரசு, அத்திக்குப் பங்காளி. இலையைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால் வடியும். மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகளில், பனைமரத்தில் ஆலங்கன்று முளைப்பதுபோல, இதுவும் வேறொரு மரத்தின் மேல் முளைத்து வேரைத் தரைக்கு இறக்கக்கூடியது. காற்றோட்டம் கேட்கும் வேர் அது. மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

1. இடம்

நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் வையுங்கள். காலை வெயில் கொஞ்சம் பட்டால் நல்லது. மேற்கு ஜன்னலின் மதிய வெயில் இலையைக் கருக்கிவிடும், அங்கே மெல்லிய திரை போடுங்கள். ஏசி காற்று நேராக வீசும் இடம் வேண்டாம். வைத்த பிறகு அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், இலையைக் கொட்டிவிடும்.

2. வேர்க்கட்டி

நான் கோட்டை விட்ட இடம் இதுதான். இங்கே விற்கும் செடிகள் பல, இறுகிய களிமண் கட்டிக்குள் வேர் பிடித்து வருகின்றன. நான் அந்தக் கட்டியை அப்படியே பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் பொலபொலப்பான மண்ணைப் போட்டிருந்தேன். விரலை விட்டால் வெளிமண் காய்ந்திருக்கும். நடுவில் கட்டியோ சேறாக இருந்தது. வேர் அதற்குள் மூச்சுமுட்டி அழுகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த செடியை இரண்டு வாரம் பழக விடுங்கள். புள்ளி பரவத் தொடங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் வேர்க்கட்டியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். களிமண் இளகியதும் விரலால் ஓரத்திலிருந்து மெதுவாக உதிர்த்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு போனாலே போதும். முழுவதும் கழுவி எடுக்கப் போனால் மெல்லிய வேரெல்லாம் அறுந்துவிடும். நடுத்தண்டுக்குக் கீழே கவனமாகத் தடவிப் பாருங்கள். நாற்றுப் பருவத்தில் போட்ட சின்ன வலைப்பை என் செடியில் அப்படியே இருந்தது, வேரை நெரித்தபடி. அதைக் கத்தரித்து எடுக்க வேண்டும். கறுத்து, கொழகொழவென்று நாறும் வேர்களையும் வெட்டிவிடுங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும்.

மண் கலவை: செம்மண், கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் தலா ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஜல்லி அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள்) ஒரு பங்கு. கோகோபீட்டில் உப்பு இருக்கும், கழுவாமல் போடாதீர்கள். தொட்டி, வேர்க்கட்டியைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும், அடியில் ஓட்டை கட்டாயம். என் தேர்வு மண் தொட்டிதான். பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். பளபளப்பான செராமிக் வேண்டுமானால் வெளியுறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு என் செடி நான்கு இலையை உதிர்த்தது. பயந்து உரம் போடாமல் விட்டேன். ஆறாவது வாரம் நுனியில் புது மொட்டு விரிந்தது.

3. தண்ணீர்

“வாரம் ஒரு சொம்பு” என்ற கணக்கு வேண்டாம். மூங்கில் குச்சியை நடுவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். ஈரமண் ஒட்டினால் பொறுங்கள். ஒட்டாமல், மேலே இரண்டு அங்குலமும் காய்ந்திருந்தால், அடியில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மலிவான ஈரமானியை நான் நம்புவதில்லை. உப்பு கூடிய மண்ணிலும் ஈரம் என்றே காட்டும். போர் தண்ணீரில் உப்பு சேர்வதால், மழைநீர் கிடைக்கும்போதெல்லாம் அதையே ஊற்றுகிறேன்.

4. மற்றவை

ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள், எண்ணெய் பூச வேண்டாம். புது இலை வரும் காலத்தில் மாதம் ஒருமுறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி. மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் தெளியுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தபின் சேர்க்கிறேன். எல்லாப் புள்ளியும் அழுகல் இல்லை. புது இலையில் பொடிப்பொடியாகச் செம்புள்ளி என்றால், வேர் உறிஞ்சிய ஈரம் இலையில் மிகுந்துவிட்டது என்று பொருள். இலை வளர வளர பெரும்பாலும் மங்கிவிடும். ஓரம் மட்டும் மொறுமொறுவென்று வெளிர்பழுப்பாகக் காய்ந்தால் தண்ணீர்க் குறை. அடி இலையில் கரும்பழுப்பாகப் பரவினால் செடியை உருவி வேரைப் பாருங்கள்.

டொரொன்டோவிலிருந்து எழுதிய அக்காவுக்கு: குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவதால் மண் காய நாளாகும், அங்கே குச்சி சொல்வதை மட்டும் கேளுங்கள். ஹீட்டர் பக்கத்திலும் வைக்க வேண்டாம். குழந்தையோ பூனையோ உள்ள வீடுகளில் எட்டாத உயரத்தில் வையுங்கள். செடியிலிருந்து வடியும் வெள்ளைப் பால் தோலையும் வாயையும் எரிச்சலூட்டும், கிளை வெட்டும்போது நானும் கையுறை போட்டுக்கொள்கிறேன்.