பிரேமைக் கழற்றிப் பார்த்த பிறகு வாங்குங்கள்

லண்டனில் படங்களுக்குப் பிரேம் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நரிவேட்டைக்குக் கிளம்பும் கனவான்கள், பட்டுக் கவுனில் நிற்கும் சீமாட்டிகள், மாளிகைத் தோட்டத்தில் உலாவும் குடும்பங்கள் என்று பழைய பிரிட்டிஷ் பிரபுக்களின் வாழ்க்கையைக் காட்டும் அச்சுப்படங்கள்தான் என் மேசைக்கு அதிகம் வரும். ஏலத்திலோ பழம்பொருள் சந்தையிலோ இப்படி ஒன்றை வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தங்கப்பூச்சு பிரேமுக்குள் வைத்தால் எந்தப் படமும் பழையதாகத்தான் தெரியும். வயதைத் தாளிடம்தான் கேட்க வேண்டும்.

படம் வெளியே வந்ததும் அதில் உள்ள முகத்தின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடியுங்கள். நிறம் நிறமாகப் புள்ளிகள் வரிசை பிசகாமல் தெரிந்தால் அது பிற்கால நகல். பிடித்திருந்தால் தாராளமாக மாட்டுங்கள். பழைய அச்சுக்கான விலையை மட்டும் கொடுக்காதீர்கள். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டதென்றால் கோடுகள் தனித்தனியாக இருக்கும், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளமும் தெரியும். அந்தப் பள்ளத்தை நகல்களிலும் செயற்கையாக அழுத்திவிடுகிறார்கள், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். விளிம்பை வெட்டிச் சின்ன பிரேமுக்குள் திணித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்தது, படத்துக்குக் கீழே உள்ள பொடி எழுத்து. வழக்கமாக இடது ஓரத்தில் 'பின்க்சிட்' என்ற சொல்லோடு ஓவியரின் பெயரும், வலது ஓரத்தில் 'ஸ்கல்ப்சிட்' என்ற சொல்லோடு செதுக்கியவரின் பெயரும் இருக்கும். வெளியிட்டவர் பெயரும் தேதியும் அங்கேயே வரும். தன் படங்களைத் திருட்டுத்தனமாக அச்சடித்து விற்றவர்களைத் தடுக்க ஓவியர் வில்லியம் ஹோகார்த் போராடினார். அதன் விளைவாக 1735இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அந்தத் தேதியைக் கட்டாயமாக்கியது.

ஆனால் அது தகட்டின் தேதி, கையிலுள்ள தாளின் தேதி அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான். ஹோகார்த்தின் 'மேரேஜ் அ-லா-மோட்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு படங்கள், வெளிவந்தது 1745இல். முதல் படத்தில் கீல்வாதக் காலை முக்காலியில் நீட்டியபடி பிரபு தன் வம்சவிருட்சத்தைச் சுட்டிக்காட்டுகிறார். எதிரே பணக்கார வணிகர் மூக்குக்கண்ணாடியோடு திருமண ஒப்பந்தத்தைப் படிக்கிறார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்க, அவர்கள் காலடியில் இரண்டு நாய்களை ஒரே சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள். அந்த நாய்கள் பக்கத்து நிழலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆரம்பகால அச்சில் நிழலுக்குள்ளும் கோடுகளை எண்ணிவிடலாம், கறுப்பும் அடர்த்தியாக இருக்கும். ஹோகார்த் இறந்த பிறகு தகடுகள் கைமாறிக்கொண்டே போயின: 1790இல் பதிப்பாளர் பாய்டெல், 1822இல் செதுக்குக் கலைஞர் ஹீத்தின் பதிப்பு. இடையே தகடு தேய்ந்தது, அதைத் திரும்பச் செதுக்கவும் செய்தார்கள். அதனால் பிந்திய அச்சுகளில் நிழல் சாம்பலாகவோ முரட்டுத்தனமாகவோ தெரியும்.

தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். தாளை வார்த்த கம்பி வலையின் கோடுகள் தெரிந்தால் பழைய வகைத் தாள். கோடே இல்லாத வழவழப்பான தாள் இங்கிலாந்தில் 1750களின் பிற்பாதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே 1745 என்று போட்ட படம் அந்தத் தாளில் இருந்தால் நிச்சயம் பிற்காலத்து அச்சு. 1794க்குப் பிறகு தாளின் நீர்க்குறியில், அதாவது வெளிச்சத்தில் மட்டும் தெரியும் தயாரிப்பாளர் அடையாளத்தில், ஆண்டையும் சேர்த்தார்கள். அது கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த சீமாட்டிகளை வேலன்டைன் கிரீன் போன்ற செதுக்குக் கலைஞர்கள் மெசோடின்ட் முறையில் அச்சாக்கினார்கள். தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, ஒளி விழும் இடங்களை மட்டும் சுரண்டி எடுக்கும் வேலை அது. அந்தச் சொரசொரப்பு சீக்கிரம் மழுங்கிவிடும் என்பதால் ஆரம்பப் பிரதிகளுக்குத்தான் மதிப்பு. நல்ல பிரதியில் கறுப்பு வெல்வெட்டைப் போல இருக்கும். எனக்கு இவற்றின் மேல் தனி மோகம் உண்டு. வாங்குவதற்கு முன் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் அதே படத்தைத் தேடி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இனி பிரேம். பின்னால் பழைய மரப்பலகை இருந்தால் எடுத்துவிடுங்கள். மரத்தின் அமிலம் தாளில் பழுப்பு ரேகைகளாக இறங்கும். படத்தைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும், கண்ணாடி தாளைத் தொடவே கூடாது. ஒட்டுவதற்கு ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும், அதுவும் மேல் விளிம்பில் மட்டும். செலோடேப் வேண்டவே வேண்டாம். பழுப்புப் புள்ளிகளை நீங்களே கழுவிப் போக்கப் பார்க்காதீர்கள். வேட்டைப் படங்களில் பல கையால் நீர்வண்ணம் பூசியவை. ஈரம் பட்டால் வண்ணம் கலைந்துவிடும். காகிதப் பழுதுபார்ப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

பழைய பிரேம் உறுதியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சட்டமும் உள்ளே மெல்லிய தங்கக் கோடும் இருந்தால் எங்கள் தொழிலில் அதற்கு ஹோகார்த் பிரேம் என்றே பெயர். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் நேர் வெயில் படும் சுவர் கூடாது. அருங்காட்சியகங்கள் காகிதப் படங்களுக்குச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சம்தான் தருகின்றன. கணப்படுப்புக்கு மேலும் மாட்டாதீர்கள். பழைய பின்னட்டையில் கடைச் சீட்டோ ஏல எண்ணோ இருந்தால் பாலியெஸ்டர் உறையில் போட்டுப் புதிய பின்னட்டையில் ஒட்டிவிடுங்கள். 'இது எங்கிருந்து வந்தது?' என்று அடுத்து வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கும்.