ஜெயித்தும் தரவரிசையில் சறுக்குவது ஏன்? கல்லூரிக் கூடைப்பந்து அட்டவணையில் நடக்கும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் உயர்மட்டமான டிவிஷன் 1-இல் மட்டும் 360-க்கும் மேற்பட்ட அணிகள். ஓர் அணி ஒரு சீசனில் ஆடுவது முப்பது ஆட்டம் சொச்சம்தான். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியில்லை என்பதால், யாரோடு எங்கே ஆடினார்கள் என்பதைப் பார்த்தே தரவரிசை போட வேண்டியிருக்கிறது. கான்ஃபரன்ஸ், அதாவது அணி சேர்ந்திருக்கும் லீக் குழு, அதற்குள் வரும் ஆட்டங்களை அணி தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கு வெளியே, பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வரும் ஆட்டங்களில்தான் சொதப்புகிறார்கள்.

ஆர்பிஐ என்ற பழைய தரவரிசைக் கணக்கை இன்னும் மனதில் வைத்திருப்பது பெரிய தவறு. அதில் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25%, எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50%, அவர்களின் எதிரணிகளுக்கு 25%. எளிய கான்ஃபரன்ஸில் வெற்றிகளைக் குவிக்கும் சுமாரான அணியைக் கூப்பிட்டு வென்றால் லாபம். ஆண்கள் பிரிவில் 2018-19 சீசனில் அதற்குப் பதிலாக 'நெட்' என்ற புதிய தரவரிசைக் கணக்கு வந்ததும் அந்தச் சூட்சுமம் எடுபடாமல் போனது. 2020 முதல் நெட் பார்ப்பது இரண்டே: யாரை, எங்கே வென்றார்கள் என்ற மதிப்பு, எதிரணியின் பலத்துக்கும் ஆடிய இடத்துக்கும் ஏற்பத் திருத்திய செயல்திறன்.

இந்தச் செயல்திறனை வெறும் புள்ளி வித்தியாசமாக நினைக்கக் கூடாது. பந்து கையில் வந்து ஆடும் நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதே கணக்கு. கூடையை நோக்கிய எறிதல்கள் 60, அதில் தாமே மீட்ட பந்துகள் 10, பறிகொடுத்தவை 12, ஃப்ரீ த்ரோ 18 என்றால், 60 – 10 + 12 + (0.475 × 18) = சுமார் 70.5 வாய்ப்புகள். அதில் 12 புள்ளி வித்தியாச வெற்றி, நூறு வாய்ப்புக்கு 17. நிதானமாக ஆடி 60 வாய்ப்பில் அதே 12 என்றால் 20. முந்நூறாவது இடத்துக்குக் கீழே கிடக்கும் அணியைச் சொந்த மைதானத்தில் ஐந்து புள்ளியில் தட்டுத்தடுமாறி வென்றால், வெற்றிக் கணக்கு ஏறும், நெட் இறங்கும்.

இடத்தைக் கவனிக்காமல் ஒப்பந்தம் போடுகிறவர்களும் உண்டு. எதிரணியின் நெட் இடத்தையும் ஆடிய மைதானத்தையும் வைத்து ஆட்டங்களைக் குவாட்ரன்ட் என்ற நான்கு தரங்களாகப் பிரிக்கிறார்கள். உயர்ந்த தரமான முதல் குவாட்ரன்டுக்குச் சொந்த மைதானத்தில் எதிரணி நெட்டில் 30-க்குள் இருக்க வேண்டும். பொது மைதானத்தில் 50, எதிரணி மைதானத்தில் 75. அறுபதாம் இட அணியை அவர்கள் ஊரில் வென்றால் முதல் குவாட்ரன்ட், வீட்டுக்கு அழைத்து வென்றால் இரண்டாவதுதான். 2024-இல் சிறிய கான்ஃபரன்ஸ் அணியான இந்தியானா ஸ்டேட் 28 வெற்றிகளோடு நெட்டில் 30-க்குள் இருந்தும், சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் 68 அணிப் போட்டிக்குத் தேர்வாகவில்லை. முதல் குவாட்ரன்ட் வெற்றி ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு முதல் குவாட்ரன்டில் அதே ஒரு வெற்றியும் 12 தோல்வியும் வைத்திருந்த, பெரிய கான்ஃபரன்ஸ் அணியான நார்த் கரோலினா உள்ளே போனது. சிறிய கான்ஃபரன்ஸ் அணிக்கு அத்தனை வாய்ப்பு அட்டவணையிலேயே கிடைக்காது. நியாயமா என்றால், இல்லை.

குவாட்ரன்ட் ஆடிய நாளோடு உறைந்துவிடுவதும் இல்லை. டிசம்பரில் இருபதாம் இடத்தில் இருந்த அணி மார்ச்சில் தொண்ணூறுக்குச் சரிந்தால், அந்த வெற்றியும் கூடவே சரியும். ஆகவே போன ஆண்டு இடத்தை மட்டும் நம்பாமல், எதிரணியில் யார் தங்குகிறார்கள், யார் வேறு கல்லூரிக்கு மாறுகிறார்கள் என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

டிவிஷன் 1-க்கு வெளியே உள்ள அணியோடு ஆடினால் நெட்டில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு தேதி வீண்.