பழைய ஆங்கில நாவல்களில் ஏமாற்றுவது தெரிந்த சொல்தான்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலைப் படிக்கும்போது அரிய சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை தெரியாதவை என்பது உடனே புலப்படும், அகராதியைப் புரட்டினால் போதும். இன்றும் வழக்கில் இருந்துகொண்டு, அன்று வேறு பொருளைத் தந்த சொற்களே நம்மை வழிதவறச் செய்கின்றன. ஆகவே ஒரு பேச்சு அந்தப் பாத்திரத்தின் இயல்புக்கோ சூழலுக்கோ பொருந்தாமல் தோன்றினால், முதலில் சொல்லைச் சந்தேகியுங்கள்.

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், பாதிரியார் காலின்ஸ் தம்மை ஆதரிக்கும் சீமாட்டியின் ‘கண்டெசென்ஷன்’ குணத்தை வாயாரப் புகழ்கிறார். இன்று அச்சொல் பிறரை மட்டமாக நடத்துவதைக் குறிக்கும். அன்றோ உயர்குடியினர் தம் நிலையிலிருந்து இறங்கிவந்து எளியோரிடம் காட்டும் பெருந்தன்மையைக் குறித்தது. காலின்ஸ் மனமாரத்தான் புகழ்கிறார் என்று புரிந்தால்தான் ஆஸ்டின் அவரைக் கேலி செய்வது சுவைக்கும். ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் எல்டன் என்ற பாத்திரம் ஓடும் வண்டிக்குள் எம்மாவிடம் ‘மேக்கிங் லவ்’ செய்வதாக வருவதைப் படித்துத் திடுக்கிட வேண்டாம். அவர் காதலைச் சொல்லித் திருமணத்துக்குக் கேட்கிறார், அவ்வளவே. சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவல் தலைப்பில் உள்ள ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ வெறும் எதிர்பார்ப்பன்று. பின்னாளில் கைக்கு வரவிருக்கும் சொத்தையும் அது சுட்டும்.

சொற்களைவிடப் பணக்கணக்கே கதையை அதிகம் திறந்துகாட்டும் என்பது என் கருத்து. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் செல்வந்த நாயகன் டார்சிக்குப் ‘பத்தாயிரம்’ என்றால் அது மொத்தச் சொத்தன்று, ஆண்டு வருமானம். பெண்களுக்கோ பெரும்பாலும் மூலதனத் தொகையையே சொல்வார்கள். நாயகி எலிசபெத் பென்னட்டுக்குத் தாயின் மறைவுக்குப் பிறகு கிடைக்கக்கூடியது நான்கு விழுக்காட்டு அரசுக் கடன் பத்திரத்தில் உள்ள 1,000 பவுண்டு மட்டுமே என்று காலின்ஸ் அவளிடமே சொல்கிறார். அதற்கு வட்டி ஆண்டுக்கு 40 பவுண்டு. 10,000 பவுண்டுக்கு எதிரே இந்த 40ஐ வைத்துப் பார்த்தால், டார்சி திருமணத்துக்குக் கேட்கும்போது அவள் முதலில் மறுப்பது எத்தனை பெரிய துணிச்சல் என்பது விளங்கும்.

பெயர்களிலும் ஒரு வழக்கம் உண்டு. பென்னட் குடும்பத்தில் மூத்த மகள் மட்டுமே ‘மிஸ் பென்னட்’. தங்கைகள் ‘மிஸ் எலிசபெத்’ என்பதுபோல் தம் பெயரோடு அழைக்கப்படுவர். அக்காள் உடன் இல்லாத இடத்தில் எலிசபெத்தும் ‘மிஸ் பென்னட்’ ஆகிவிடுவதால், யாரைச் சொல்கிறார்கள் என்று ஒருகணம் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் வாசிப்பை நிறுத்தாமல், ஐயப்பட்டவற்றைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அத்தியாயம் முடிந்தபின் தேடுங்கள். இக்கால வழக்கை மட்டும் தரும் சிறு அகராதிகள் இதற்கு உதவா. ஒரு சொல் எந்த ஆண்டில் எப்பொருளில் ஆளப்பட்டது என்பதை மேற்கோளுடன் காட்டும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியே உகந்தது. அது கிடைக்காதவர்கள், 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியை இணையத்தில் பார்க்கலாம். ஆஸ்டின் காலத்துக்கு அது பெரிதும் பொருந்தும், டிக்கன்ஸுக்குச் சற்றுப் பழையது.