கார்டினல் டெட்ராவுக்குத் தேநீர் நிற நீர்

கார்டினல் டெட்ரா என்ற தொட்டி மீனை வாங்குவதற்கு முன், அது எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றுப் படுகையில், நிழலான சிற்றோடைகளிலும், வெள்ளம் புகுந்து மாதக்கணக்கில் நிற்கும் காடுகளிலும் இந்த மூன்று சென்டிமீட்டர் மீன் கூட்டமாக வாழ்கிறது. உதிர்ந்த இலைகள் ஊறி அந்த நீர் கடுந்தேநீரின் நிறம் பெற்றிருக்கிறது. அதில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு, பிஹெச் (குறையக் குறைய நீரின் அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) பல இடங்களில் 5-க்கும் கீழே நிற்கிறது. இந்த மீனைப் பிடித்து விற்றே பார்செலோஸ் நகரைச் சுற்றியுள்ள பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அங்கிருந்து வரும் மீனை உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் நேரடியாக விடுவது அதற்கு இழைக்கும் பெருங்கொடுமை.

ஆகவே முதல் வேலை நீரைத் தயாரிப்பதுதான். 80 லிட்டர் தொட்டியொன்றில் ஆர்.ஓ. நீருடன் சிறிதளவு குழாய் நீரைக் கலந்து, நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 100 பிபிஎம்முக்குள் காட்டும்படி செய்யுங்கள். பிஹெச் 6 முதல் 6.5 வரை இருந்தாலே போதும். காட்டின் அளவை எட்டும் ஆசையில் அமிலத் திரவங்களை ஊற்றினால், மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் மந்தமடைந்து மீன்களுக்கே ஆபத்தாகும்.

நிறத்துக்கு நம் தெருவோர வாதுமை மரமே உதவும். தானாக உதிர்ந்து பழுப்பேறிக் காய்ந்த இலைகளை, மருந்து தெளிக்காத இடத்திலிருந்து எடுத்துக் கழுவி, மூன்று நான்கை மட்டும் போடுங்கள். அடியில் மெல்லிய ஆற்று மணலும், ஓரிரண்டு மரவேர்களும், மேலே மிதக்கும் செடிகளும் இருக்கட்டும். அலங்காரக் கல்லின் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அது நீரை மீண்டும் கடினமாக்கிவிடும் என்பதால் சேர்க்கக் கூடாது. சிப்பிகளும் அப்படியே.

அந்த பாக்டீரியாக்கள் தங்கி வளரும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்ஜியமாகும் வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள், பொறுத்திருங்கள். பிறகு பத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். சிவப்புப் பட்டை தலையிலிருந்து வால் வரை நீண்டிருந்தால் கார்டினல்; உடலின் பின்பாதியில் மட்டும் இருந்தால் அது நியான் டெட்ரா. தொட்டி நீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒரு மணி நேரமாவது பழக்கிய பின்னரே, மங்கிய வெளிச்சத்தில் மீன்களை விடுங்கள். வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் போதும்.

வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை அதே கலவையால் மாற்றுங்கள். இலைகள் நைந்து நரம்பு தெரியும்போது உடனே அகற்ற வேண்டியதில்லை. அவற்றின் மேல் பெருகும் நுண்ணுயிர்களை மீன்கள் நாள்முழுதும் கொத்தித் தின்னும்.