மலைக் குளிரில் வயிற்று டயாலிசிஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, வயிற்றில் பொருத்திய குழாய் வழியே பையிலுள்ள திரவத்தை ஏற்றி இறக்கி ரத்தக் கழிவை நீக்குவதுதான் வயிற்று டயாலிசிஸ். வீட்டில் இந்தப் பையை மாற்றும்போது கிருமி உள்ளே போக முக்கிய வழி கைதான். தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி இணைப்பு முனையில் பட்டால், அடுத்து ஏறும் 2 லிட்டர் திரவத்தோடு வயிற்றுக்குள் போய்விடும். ஊட்டி, கோத்தகிரி குளிரில் தண்ணீரில் கை வைக்கவே மனசு வராது. சோப்பு நுரை வந்ததும் அலசிவிடுவார்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடமாவது விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்க்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை துண்டு. மூடுபனி நாட்களில் கொடியில் போட்ட துண்டு காய்வதே இல்லை, அந்த ஈரத் துண்டில் துடைத்தால் கழுவியது வீண். டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை மடித்துவிடுங்கள். பையை இணைக்கத் திருகும்போது கம்பளி நுனி குழாய் முனையில் உரசுவதை யாரும் கவனிப்பதில்லை.

பையைச் சூடாக்க வெந்நீர்ப் பாத்திரத்தில் போடுவது படுமோசமான பழக்கம். பையின் முனைச் சந்துகளில் தண்ணீர் தங்கிவிடும். அதில் சூடோமோனாஸ் என்ற கிருமி இருந்து தொற்றினால் மருந்துக்கு எளிதில் அடங்காது, பலருக்கு வயிற்றுக் குழாயையே எடுக்க வேண்டி வரும். மைக்ரோவேவும் வேண்டாம், ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் சில்லென்று இருக்கும். வெளி உறையைப் பிரிக்காமல் ஹீட்டிங் பேடில் வைத்து, உடல் சூட்டுக்கு வந்தால் போதும்.

குழாய் முனை எதிலாவது பட்டுவிட்டதா? ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் தொடராதீர்கள். கிளாம்பை மூடி, திரவத்தை ஏற்றாமல், புது மூடி போட்டு டயாலிசிஸ் நர்ஸுக்கு போன் செய்யுங்கள். வயிற்றுக் குழாயையும் பையையும் இணைக்கும் சிறு குழாயான டிரான்ஸ்ஃபர் செட்டை மாற்ற வேண்டியிருக்கலாம். மலச்சிக்கலும் குடல் கிருமிக்கு வழிவிடும், அதையும் சொல்லிவிடுங்கள்.

வெளியேறும் திரவத்தை மங்கலான அறையில் பார்த்து ‘தெளிவுதான்’ என்று விட்டுவிடக் கூடாது. பையைச் செய்தித்தாள் மேல் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். கலங்கியிருந்தால், வலியில்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிதான். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாமல் போகலாம். கலங்கிய பையைக் கொட்டாமல் கையோடு எடுத்துப் போங்கள். 6 மணி நேரத்துக்குள் அது லேபுக்குப் போய்விடுவது நல்லது. மழைக்காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோவை போய்ச் சேரத் தாமதமாகலாம். அப்போது மாதிரி எடுத்து ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸை வயிற்றுக்குள்ளேயே ஏற்ற மலையில் எந்த ஆஸ்பத்திரியில் முடியும் என்பதை இப்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.